தம்பூரா அல்ல, 50 ஹெர்ட்ஸ்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள வீட்டில் அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளை மடிக்கணினிக்கு மாற்ற உட்கார்ந்த முதல் நாளே, நாகசுரத்துக்குப் பின்னால் ஓர் உறுமல் விடாமல் கேட்டது. அதைத் தம்பூரா என்றே அம்மா சிறிது நேரம் நம்பினார். தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், உறுமலும் அதிலும் அதன் மடங்குகளிலுமே நின்றது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் பாதி அடங்கியது. ரிக்கார்டு பிளேயரின் மெல்லிய எர்த் கம்பியை ஃபோனோ ப்ரீஆம்பின் (தட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறிப்பைப் பெருக்கிச் சமன்செய்யும் பெட்டி) திருகில் இறுக்கியதும் மீதியும் போயிற்று.

அந்த ப்ரீஆம்ப் இல்லாமல் நேரே செருகினால் ஒலி மெலிந்து கீச்சென்றே கேட்கும், ஏனெனில் தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து உச்ச ஒலிகளைக் கூட்டியே பதிகிறார்கள். மடிக்கணினியில் பதிவளவு உச்ச எல்லையான 0 டெசிபலைத் தொட்டால் வெட்டுப்பட்ட ஒலி மீளாது என்பதால், அதற்கு 6 டெசிபல் கீழேயே நிறுத்தினேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளுக்கு அகலமான ஊசி வேண்டும். அவை இன்னும் அலமாரியிலேயே இருக்கின்றன.