தோளுக்காகப் போய்க் காலைக் கண்டுகொண்ட கதை

இடது கையால் ரிவர்ஸ் கியர் போட முடியாமல் போன அன்றுதான் இது வெறும் சுளுக்கு இல்லை என்று உறைத்தது. அதற்கு முன் இரண்டு மாதம் தைலம், பிளாஸ்திரி, மனைவியின் திட்டு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். வேனில் பதினான்கு பிள்ளைகள், பின்னால் ஹாரன் சத்தம், கியர் பக்கம் கை போக மறுக்கிறது. வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, அந்தக் கையாலேயே கியரைத் தள்ளினேன். பின்னாலிருந்து ஒரு பொடியன், "அங்கிள், டான்ஸ் ஆடுறீங்களா?" என்று கேட்டான்.

எனக்கு வயது 54. செந்தூலில் வீடு, பள்ளி வேன் தொழில். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பதினொரு வருஷம் ஆகிறது. அது இந்தக் கதைக்குத் தேவைப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி உட்கார்ந்தேன். இளம் டாக்டர் கையை மேலே தூக்கச் சொன்னார். மார்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. அவரே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பை தடித்துச் சுருங்கிவிடுமாம். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெதுவாகத் தளர்வு. எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும் என்றும் சொன்னார். நான் 'மூன்று வருஷம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்; அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. வலி மாத்திரையும் பிசியோதெரபிக்கு ஒரு கடிதமும் கிடைத்தன. கிடைத்த தேதி ஆறு வாரம் கழித்து.

அந்த ஆறு வாரத்தில்தான் வெந்நீர் ஊற்று என் கதைக்குள் நுழைந்தது. நண்பர் ஒருவர் தே தாரிக் கடையில், "செலாயாங் போய் ஊத்து அண்ணே, என் மாமியார் அதிலதான் நடக்கிறாங்க" என்றார். கோலாலம்பூரில் இது புது விஷயம் இல்லை. செத்தாப்பாக்கில் ஆயர் பானாஸ் என்று ஊருக்கே வெந்நீர் என்றுதான் பெயர். உலு லங்காட் பக்கம் போனால் டுசுன் துவா. ஆனால் காலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கி முடித்தால் மதியம் வரை நான் சும்மாதான் இருக்கிறேன். செலாயாங் கைக்கெட்டும் தூரம். வாளி, பிளாஸ்டிக் கோப்பை, கைலி, துண்டு என்று வேனிலேயே ஒரு பை வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் போனவுடனே ஒரு கோப்பை மொண்டு நேராகத் தோளில் ஊற்றப் போனேன். பக்கத்தில் இருந்த சீனத் தாத்தா கையைப் பிடித்துவிட்டார். கால் விரலைக் காட்டினார், முழங்காலைக் காட்டினார், இடுப்பைக் காட்டினார், கடைசியில் தோளைத் தொட்டார். அதுதான் வரிசை. "பெலான்-பெலான்" என்றார்: மெல்ல மெல்ல. அவர் சொன்னதன் காரணம் நாலாம் நாள் புரிந்தது. நன்றாக ஊற்றிக்கொண்டு சட்டென்று எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். நானோ காலையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டவன், சாப்பிட்டதும் பாதி ரொட்டி. பழைய ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர் முழங்கால் வலிக்குத் தினமும் வருவார். அவர்தான் என்னை உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். "பத்து நிமிஷம் போதும் தம்பி. உள்ளேயே குடியிருக்க வந்தியா?"

அந்த அம்மாவின் நம்பிக்கை, பூமிக்கு அடியில் எரிமலை தூங்குகிறது என்பது. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தோம். கல்லூரியில் புவியியல் படிக்கும் என் மகள்தான் சிரித்தாள். தீபகற்ப மலேசியாவில் எரியும் எரிமலையே இல்லை. இங்கே இருப்பது கருங்கல் மலைத்தொடர். மழைநீர் பாறை விரிசல்களில் ஆழமாக இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடுகிறது. சூடான நீர் பிளவு வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான். மழைதான் திரும்பி வருகிறது என்று சொன்னபோது அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எரிமலை என்றால் மருந்து, மழை என்றால் வெறும் தண்ணீர். நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வீட்டு முன்வாசல் சுவரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். சுவரை ஒட்டி நின்று, விரல்களால் நடந்து ஏறி, நின்ற இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வெந்நீர் ஊற்றி வந்தவுடன் அளந்தால் மூக்கு உயரம். மதியம் சாப்பிட்டுவிட்டு அளந்தால் பழையபடி மார்பு. மூன்று வாரம் இதே கதைதான். அப்படியும் நான் விடவில்லை. அந்த ஒரு மணி நேரச் சுகம் அவ்வளவு பெரிது. இரவில் இடது பக்கம் படுக்க முடியாமல் தவித்தவனுக்குத்தான் அது தெரியும்.

அப்புறம் பிசியோதெரபி தேதி வந்தது. பிசியோதெரபிஸ்ட் நம் தமிழ்ப் பிள்ளைதான், துடியான பெண். நான் வெந்நீர்ப் பெருமையை அளந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "நல்லதுதான் அங்கிள். நாங்களும் முதலில் சூட்டு ஒத்தடம்தானே வைக்கிறோம்? ஆனால் தசை தளர்ந்த அந்த நேரத்தில் நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள். "வேனில் படுத்துத் தூங்குறேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து முறை மாறியது. ஊற்றி முடித்துப் பத்து நிமிடத்துக்குள், அங்கேயே ஓரமாக, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. தூணில் விரல் நடை. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து வலது கையால் மேலே இழுப்பது. இந்தக் கடைசிப் பயிற்சியில் நான் போடும் சத்தத்துக்குச் சீனத் தாத்தா எண்ணிக்கை சொல்வார். இரண்டு வாரத்தில் மதியக் கோடு முதல்முறையாகத் தாடையைத் தொட்டது. நீரில் கந்தகம் இருக்கிறதா, சிலிக்கா இருக்கிறதா என்று விவாதிக்க அங்கே ஒரு கூட்டமே உண்டு. என் தோளைப் பொறுத்தவரை வேலை செய்தது சூடும் அந்தத் துண்டும்தான்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நகருக்கு வெளியே ஒரு கட்டண வெந்நீர் விடுதிக்குப் போனோம். பெயர் வேண்டாம், நடந்ததில் பெரும் பங்கு என் தப்பு. அழகான இடம். மார்பளவு ஆழத்தில் ஒரு மிதமான குளம் இருந்தது. முழங்கால் தேய்ந்த என் மனைவி அதில் பிள்ளை மாதிரி நடந்தார். அந்த ஆழத்தில் உடம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடக் காலில் இறங்காது. வாசலில் ஒரு பலகை: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, வாதம், தோல் நோய் எல்லாவற்றுக்கும் நல்லது என்று. இனிப்பு நீர் என்று படித்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

கால் நனைக்கும் தொட்டிகள் வரிசையாக, சூட்டுக்கு ஏற்பப் பிரித்திருந்தார்கள். ஆகக் கடைசித் தொட்டியில் ஒரு பையன் விரலை விட்டுவிட்டு அலறி ஓடினான். நான் இரண்டு காலையும் விட்டேன். இதமாக இருந்தது. மகள் கையை வைத்துப் பார்த்து, "அப்பா, எப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். "பழக்கம் மா" என்றேன். செலாயாங்கில் ஊறியவனாக்கும் என்று ஒரு திமிர். சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் இருந்திருப்பேன்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது மனைவிதான் பார்த்தார். வலது பெருவிரலிலிருந்து பாதத்தின் மேல் வரை தோல் பொங்கி, கோழி முட்டை அளவுக்கு இரண்டு கொப்புளம். "என்னங்க இது?" என்று அவர் கத்தும்வரை எனக்கு ஒன்றுமே தெரியாது. வலியே இல்லை. என்னைப் பயமுறுத்தியதும் அதுதான். விரலில் காகிதம் கிழித்தாலே துள்ளுகிறவன் நான்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மா கொப்புளத்தைவிட என் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். இழை வளையும்போது பத்து கிராம் அழுத்தம் விழுமாம். "தெரியும்போது சொல்லுங்கள்." நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது சோதனை முடிந்திருந்தது.

பல வருஷச் சர்க்கரை கால் நரம்புகளைத் தின்றுவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.6 சதவீதம். 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும், 50 டிகிரி என்றால் சில நிமிடங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மற்றவர்களுக்கு அந்த நேரத்துக்கு முன்பே வலி வந்து காலை இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த மணி அடிக்கவில்லை. சுங்காய் பக்கத்தில் சுங்கை கிளாவில் முட்டை வேகவைக்கவே தனி இடம் விட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி நீரில் முட்டை வேகும், என் காலும் வேகும்; முட்டைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்றும் கேட்டார்: "கொப்புளம் உடைந்த பிறகு மறுபடி குளத்தில் இறங்கினீர்களா?" நம் ஊர் மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது, காயம் வழியாக இனிப்பு நீர்க்காரர்களைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, இறங்கவில்லை. தலையை முக்கி மூக்கில் நீர் ஏற்றக் கூடாது என்றும் சொன்னார்; வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகுமாம். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம்.

காயம் ஆற ஏழு வாரம். முதலில் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போனேன். ஆக்சிலரேட்டர் மிதிக்கிற கால். மாற்று ஓட்டுநருக்குக் கொடுத்தது போகக் கையில் மிஞ்சியது டீசல் காசுதான். இதையெல்லாம் நீட்டி எழுத மனம் இல்லை. அந்த ஏழு வாரத்தில் இனிப்புப் பானம் நின்றது, நாசி லெமாக் பாதியானது, மாத்திரையோடு இன்சுலினும் சேர்ந்தது. அடுத்த சோதனையில் 7.5. தோளுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று முன்பே பேச்சு இருந்தது. அது சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். இப்போது போட்டார்கள். ஊசி போட்ட பத்தாம் நாள் கோடு நெற்றிக்கு வந்தது.

வெந்நீரை விட்டுவிட்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்பப் போனேன். காயம் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கால் நீரில் படக் கூடாது, தோளுக்கு மட்டும், நீரும் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குழந்தைக் குளியலுக்கு விற்கும் வெப்பமானி ஒன்று பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினேன். மஞ்சள் வாத்து உருவத்தில் இருக்கும். வாளியில் மொண்டு, ஆறவைத்து, வாத்தை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சீனத் தாத்தா தினமும் அதற்கு வணக்கம் சொல்வார்.

தோட்டத்து அம்மா என் பாதத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் இனிப்பு நீர் இருவது வருஷமா இருக்கு தம்பி" என்றார். காலை எப்போதாவது சோதித்தார்களா என்று கேட்டேன். நினைவில்லை என்றார். வீட்டில் செய்துபார்க்க நர்ஸ் என் மனைவிக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் லேசாகத் தொட வேண்டும், ஒரு விநாடி, அழுத்தாமல். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே கிளினிக் போக வேண்டும்.

கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டினார். வெடித்த குதிகால், வருஷக்கணக்கில் சேற்றில் நடந்த பாதம். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் ஆறையும் தொட்டேன்.

"ம், ஆரம்பி தம்பி" என்றார்.

திங்கட்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, அவரை வேனில் ஏற்றிக் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.