முப்பந்தல் குறிப்புகள்

ஆகஸ்ட் 3

அண்ணாச்சியும் நானும் நடத்தப் பார்க்கும் கார் ராலிக்கு ஸ்பான்சர் கேட்ட கம்பெனியிலிருந்து போன் வரவில்லை.

ஆகஸ்ட் 4

இன்றும் இல்லை. கடையில் ஒரு கிளட்ச் பிளேட் விற்றதோடு சரி.

ஆகஸ்ட் 6

பட்ஜெட்டை மறுபடி பிரித்துப் போட்டேன். வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் ஓட்டுகிறவர்கள் பாடு, நுழைவுக் கட்டணமும் தருவார்கள். மிச்சம் முழுக்க நம் தலையில். மோட்டார் பந்தய ஃபெடரேஷனுக்குக் கட்ட வேண்டியது, இன்சூரன்ஸ், ஆம்புலன்ஸ், டாக்டர், மீட்பு வண்டி, நேரம் குறிக்கும் கருவி, வயர்லெஸ், பாதையோரம் காவல் நிற்கும் மார்ஷல்களுக்குச் சாப்பாடு, ரூம். ஆம்புலன்ஸும் டாக்டரும் வந்து நிற்காமல் ஸ்டேஜில், அதாவது நேரம் குறித்து ஓட்டும் மூடிய பாதையில், முதல் காரை விடவே முடியாது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்ட எந்தக் கம்பெனிக்கு ஆசை வரும்?

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை பேர் பார்க்க வருவாங்க?" கிரிக்கெட் என்றால் கேட் போட்டு டிக்கெட் கிழிக்கலாம். இங்கே பாதைக்குள் ஆள் வந்துவிடக் கூடாதே என்றுதான் கயிறு கட்டி, ஆள் நிறுத்தி, காசைக் கொட்டுகிறோம். கூட்டத்தைக் காட்டிப் பணம் வாங்கி, அந்தப் பணத்தில் கூட்டத்தை விரட்ட வேண்டும். இதை எந்த வாயால் ஸ்பான்சரிடம் சொல்வது?

2003 சட்டத்தோடு சிகரெட் கம்பெனிகள் விளையாட்டுப் பக்கமே வர முடியாமல் போயிற்று. நல்லதுதான். அந்தக் காலி இடத்தில் வந்து உட்காரத்தான் ஆளில்லை.

ஆகஸ்ட் 9

பாதை பார்க்க அண்ணாச்சியோடு முப்பந்தல் காற்றாலைப் பக்கம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று பைக்கையே ஓரத்துக்குத் தள்ளுகிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் கேத்தனூர் காற்றாலைப் பாதைகளில் ஓட்டும்போது நமக்கு மட்டும் என்ன குறை என்பது அண்ணாச்சி கட்சி. பாதை என்னவோ அருமைதான். செம்மண், சரளை, சட்டென்று ஒரு வளைவு, அப்புறம் நேராக நீட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பாதைக்கு எத்தனை முதலாளிகள் என்றுதான் தெரியவில்லை. இந்தக் காற்றாடி ஒரு கம்பெனி, அடுத்தது ஒரு மில், அதற்கடுத்தது திருப்பூரில் யாரோ. ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்க வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் ஸ்டேஜ் நடுவில் அறுந்துபோகும்.

ஊரில் டீக்கடைப் பக்கம் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் சரிதான். எங்க ஆடு குறுக்க வந்தா ஒங்க காரு நிக்குமா?" அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019-இல் ராஜஸ்தானில், மூடிய பாதைக்குள் ஒரு பைக் வந்து, ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேர் போனார்கள். அன்றோடு அந்த ராலியை நிறுத்தினார்கள். பெரியவரிடம், "ஆடு வராமல் பார்க்கத்தான் உங்க ஊர்ப் பிள்ளைகளையே சம்பளத்துக்குப் போடப்போறோம்" என்றேன். எவ்வளவு என்றார். பட்ஜெட்டில் இன்னொரு வரி ஏறியது.

ஆகஸ்ட் 10

சவம், கம்பெனிக்கு அனுப்பிய அந்த மெயிலை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14

வேறு பாதை கிடைக்குமா என்று கீரிப்பாறைப் பக்கம். ரப்பர் காட்டுக்குள் நிழலும் ஈரமும், படம் எடுத்தால் எந்தக் கம்பெனியும் மயங்கும். ஆனால் பால்வெட்டு விடியும் முன்னே தொடங்கிவிடும். காலையில் பாதையை மூடினால் அன்றைக்கு வெட்டுகிறவர்களின் கூலியை யார் கொடுப்பது? பக்கத்திலேயே சரணாலயம். வனத்துறை அனுமதி என்றதும் அண்ணாச்சியே வண்டியைத் திருப்பிவிட்டார். வரும் வழியில் ஒரு தோட்டக்காரர், 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் தன் மரங்களை எப்படி அடித்துப் போட்டது என்று வெகுநேரம் சொன்னார். நாங்கள் கேட்டது பாதையைப் பற்றி.

சரி, முப்பந்தல்தான்.

ஆகஸ்ட் 15

தூக்கம் வரவில்லை. ஆப்பிரிக்காவில் ஓடிய டக்கார் ராலி 2008-இல் பாதுகாப்பு இல்லையென்று நின்றது, மறுவருஷம் தென் அமெரிக்காவுக்குப் போனது, 2020-இல் சவூதிக்கு. பேரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். பேருக்குப் பெறுமானம் இருந்தால் ஊர் மாறலாம், கூப்பிட்டுப் பணம் தர ஆளிருக்கும். பிரிட்டன் ராலி கதை வேறு. 2019-க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பில் அது இல்லை. வட அயர்லாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், பணம் சேரவில்லை. அவ்வளவு பெரிய நாட்டுக்கே இந்தக் கதி. நாகர்கோவிலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் எதற்கு விழித்திருக்கிறேன்?

ஆகஸ்ட் 19

போன் வந்தது! சொன்னதில் பாதி தருவார்களாம். அதுவும் ராலி முடிந்த பிறகு. ஏர்போர்ட் எது என்றார்கள். திருவனந்தபுரம் என்றேன். அப்போ அது கேரளா ராலியா என்றது அந்தப் பெண் குரல். ஊதி நிறுத்தும் ஆர்ச் அனுப்புவார்களாம், ஸ்டார்ட்டில் வைக்க. முப்பந்தலில்! அது காற்றோடு பறந்து போய்விடும்.

"பார்க்க எத்தனை பேர் வருவாங்க சார்?"

"நிறைய வருவாங்க" என்றேன்.

ஆகஸ்ட் 20

அண்ணாச்சி பாதி கிடைத்ததே என்று குதிக்கிறார். பாதிப் பணத்துக்குப் பாதி டாக்டர் வருவாரா?

ஆகஸ்ட் 24

காற்றாலைக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒருவர் மட்டும், பாதை கெட்டுப்போனால் ஜல்லி அடித்துத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். அத்தனை கார் போனால் வளைவுகளில் வாய்க்கால் விழும். ஜல்லிக்கு ஒரு வரி.

ஆகஸ்ட் 27

ஃபெடரேஷனில் நவம்பர் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே என்ன நடக்கும் என்று மேலே யாருக்கும் தெரியாதா? ஆடிக்காற்று போய் அடைமழை. தை மாதம் கேட்டு எழுதச் சொன்னேன். சீசன் அதற்குள் முடிந்துவிடுமாம். முடியட்டும்.

ஆகஸ்ட் 28

வீட்டில் அவள் கடைக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

ஆம்புலன்ஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கடைப் பணம்தான். இல்லையென்றால் அந்த நாளை ஒரு கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். ஆம்புலன்ஸ் எதற்குக் கல்யாணத்துக்கு என்று கேட்டேன், அது வேற வேன் என்றார். தேதியே இன்னும் உறுதியில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். எஸ்.பி. ஆபீஸ் கடிதத்தில் வழித்தட வரைபடத்தை மூன்று பிரதி கேட்கிறார்கள். அண்ணாச்சியிடம் ஒன்றுதான் இருக்கிறது.