டோக்கன் நாளில் வலிக்கும் வயிறு

பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபிக்குக் கொடுக்கும் பேதி மருந்தைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. முந்தின நாளே போய் லாட்ஜில் தங்க மனம் வரவில்லை. பாதி மருந்தை இரவிலும் மீதியை விடியற்காலை நாலரைக்கும் வீட்டிலேயே குடித்துவிட்டு ஐந்து மணி வண்டியைப் பிடித்தேன். பாம்பன் பாலம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. மண்டபத்தில் உள்ளே ஒரு உருட்டல். உச்சிப்புளியில் கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி, அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரரின் வீட்டுக் கழிவறைக்குள் ஓடினேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் ராமநாதபுரம். அங்கே பேருந்து நிலையத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அப்புறம் பரமக்குடியில் ஒருமுறை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பதினோரு மணிதானே உங்களுக்கு? வியாழக்கிழமை வாங்க. மருந்து முதல்லேர்ந்து குடிக்கணும்."

வியாழக்கிழமை லாட்ஜ் போட்டேன். பரிசோதனை பதினைந்து இருபது நிமிடம்தான், மயக்க ஊசி போட்டதால் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் இந்த வயிற்றோடு ஒன்றரை வருடம் ஓட்டியிருந்தேன். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலி, போய்விட்டு வந்தால் கொஞ்சம் தணியும். இரண்டு நாள் ஓட்டம், மூன்று நாள் கட்டு. கேஸ் மாத்திரை, ஓமத் தண்ணீர், நாட்டு மருந்து எல்லாம் ஆயிற்று. நானாகவே ஒரு துப்பும் துலக்கி வைத்திருந்தேன்: மீன்தான் குற்றவாளி. போன வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், வயிறு கம்மென்று இருந்தது. தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன வாரமே வலி திரும்பிவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மீன், நண்டு, கருவாடு அத்தனையையும் நிறுத்தினேன். இந்தக் கரையில் பிறந்தவன் தயிர்சாதம் டப்பாவோடு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனால் எத்தனை பேர் துக்கம் விசாரிப்பார்கள் தெரியுமா? வலி மட்டும் நிற்கவே இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "எல்லாம் நார்மல்" என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாம் நார்மல் என்றால் வலிப்பது யாருக்கு? ஐபிஎஸ் (IBS), அதாவது எரிச்சலுறும் குடல் நோய் என்றார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சுவார்த்தையில்தான் கோளாறு என்றார். 2016லேயே உலக அளவில் நிபுணர்கள் கூடி இந்த வகை நோய்களுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்களாம். எழுதிக்கொடுத்த சீட்டை வெளியே வந்து பார்த்தேன். மனநலப் பிரிவு.

எங்கள் மாவட்டத்தில் யாரையாவது வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்பார்கள். 2001ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்துப்போனபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஊரே அதைத்தான் பேசியது. அதனால் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன், அப்புறம் பர்சுக்குள். நாலு மாதம் அங்கேயே இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் வலி தாங்காமல், நம் மாவட்டத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். சீட்டை நீட்டினால் வெறும் காகிதம். வியர்வையில் மை ஊறி, மடிப்பில் கிழிந்து, டாக்டரின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. கவுண்டர்க்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வரிசையில் இருக்கிற முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "வயித்துவலிக்கு எதுக்குய்யா மெண்டல் ஓபிக்கு வர்ற? லெட்டர் இல்லாம முடியாது" என்றார். மறுபடி மதுரை, மறுபடி ஒரு நாள் சம்பளம், மறுபடி அதே கவுண்டர் பெண். எந்தச் சீட்டாக இருந்தாலும் வாங்கிய நிமிடமே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பயாப்ஸி முடிவு எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல். எனக்கு இந்தப் புத்தி 3 பயணத்துக்கு அப்புறம்தான் வந்தது.

புதுச் சீட்டோடு ஒரு வழியாக மனநலப் பிரிவுக்குள் போனேன். உள்ளே இருந்த உளவியலாளர் அம்மா வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார். தம்பி விசைப்படகில் போகிறவன், வலி தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னால் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு 23 நாள் அந்தப் பக்கம் சிறையில் இருந்துவிட்டு வந்தான் என்று சொன்னேன்.

"தகவல் வந்த அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஆதார் நகல், போட்டோ எல்லாம் கேட்டாங்க. எடுத்துட்டு ஆபீஸுக்குப் போனேன்."

"செஞ்சதைக் கேக்கலை. எப்படி இருந்துச்சு?"

"வயித்தைக் கலக்குச்சு. பாத்ரூம் போனேன்."

"பயமா, கோபமா, அழுகையா?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கேள்வித்தாளில் வராத பாடத்தைப் படித்துக்கொண்டு போனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஆங்கிலத்தில் இருந்த 20 கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கிக் கேட்டார். மனதில் இருப்பது என்னவென்று குழம்புகிறீர்களா, டாக்டர்களுக்கே புரியாத உடல் உபாதைகள் வருகின்றனவா என்கிற மாதிரியானவை. 61 வந்தாலே அதிகம், எனக்கு 66. இதற்கு அலெக்சிதைமியா என்று பெயராம். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள் வரும்படி, கிரேக்க வேர்களிலிருந்து சிஃப்னியோஸ் என்கிற மருத்துவர் 1970களில் உண்டாக்கிய சொல். இது நோய் இல்லை, ஒரு சுபாவம் மாதிரி என்றார். ஐபிஎஸ் உள்ள எல்லாருக்கும் இது இருக்காது, இது இருக்கிற எல்லாருக்கும் வயிறு கெடாது. ஆனால் வயிற்றுக்கோளாறு தீராமல் அலைகிறவர்களிடம் மற்றவர்களைவிட இது கூடுதலாகத் தென்படுகிறதாம். குடலைச் சுற்றிலும் 10 கோடிக்கு மேல் நரம்புச் செல்கள் இருக்கின்றன, மூளை பதறினால் அங்கே தெரியும்; பதறுவது நமக்கே தெரியாவிட்டால் வயிற்று நோய் என்றுதான் நினைப்போம் என்றார். "வயித்துல புளியைக் கரைக்குதுன்னு உங்க அம்மா சொல்லிக் கேட்டதில்லையா? அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒரு நோட்டில் நேரம், சாப்பாடு, வலி, அன்றைக்கு நடந்தது என்று எழுதி வரச் சொன்னார். கணக்கெழுதுகிறவனுக்கு இது பெரிய வேலையா? ஆறு வாரம் எழுதினேன். வலி பெரும்பாலும் திங்கள், புதன், சனி இரவுகளில். விடிந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அவை டோக்கன், அதாவது மீன்துறையின் அனுமதிச் சீட்டு, வாங்கிப் போட்டுகள் கடலுக்குப் போகிற நாட்கள். அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் லோடு அதிகம், அலைச்சல்தான் காரணம் என்று நான் வாதாடினேன். அவர் பென்சிலால் இரண்டு வாரத்தைச் சுற்றிக் காட்டினார். லோடு அதே லோடு, வலி இல்லை. அந்த இரண்டு வாரமும் தம்பியின் போட்டில் இன்ஜின் வேலை நடந்தது. அவன் கரையில் இருந்தான்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "தடைக்காலத்துலயும் நாட்டுப்படகு மீன் வாங்கி ஆக்கிப் போட்டேனே. வாரத்துல நாலு நாள் தின்னீங்க. அப்ப எங்க போச்சு வலி?" என்றாள். ஒரு வருடம் தயிர்சாதம் தின்ற பிறகு இதைக் கேட்கிறாள்.

மாத்திரையிலும் ஒரு கூத்து. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். மருந்துக்கடைப் பையன், "அண்ணே, இது டிப்ரஷன் மாத்திரைண்ணே" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். அன்றைக்கு வாங்காமலே வந்துவிட்டேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான், இந்தச் சின்ன அளவு குடல் வலிக்கும் கொடுப்பதுதான் என்று தெரிந்தது. முதல் இரண்டு வாரம் வாய் வறண்டது, காலையில் கண் திறக்கவில்லை. நாமாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.

இதைப் படித்துவிட்டு, நமக்கும் மனசுதான் போல என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்புகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் வயிற்று டாக்டர்தான். எனக்கு இரவில் வலி என்பதால்தான் அந்தக் கொலனோஸ்கோபியே. மனம் விட்டுப் பேச நேரில் போகத் தயங்கினால் 14416 என்கிற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போதும் முழுசாக விடவில்லை. பால் குடித்தால் உப்புகிறது, அதற்குத் தம்பி பொறுப்பில்லை. ஆனால் போன சனிக்கிழமை அடிவயிறு இழுக்கத் தொடங்கியபோது நோட்டில் வலி என்று எழுதுவதற்கு முன்னால் 'பயம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் தம்பி நகரை மீன் கொண்டுவந்து கொடுத்தபோது சொல்லியும்விட்டேன்: "நீ கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் எனக்குப் பயமா இருக்குடா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதைச் சொல்லவாண்ணே மதுரைக்கும் ராம்நாட்டுக்கும் அலைஞ்சே?"

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் படகுத்துறையிலிருந்து போன் வந்தது. "கரைக்கு வந்துட்டேண்ணே." வேறு ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டான்.