80 படத்தைத் தின்ற வேன்: கூந்தன்குளம் போய் வந்த கதை

முதலில் வேன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனசில் அதை வைத்துக்கொண்டு பறவைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊரிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய்வர 4,500 ரூபாய் என்று பேசித்தான் வண்டி ஏறினோம். பதினான்கு பிள்ளைகள், அவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் என் தோழி, நான். பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பறவைகளைப் படமெடுக்க வைக்கிற பயணம். சாயங்காலம் திரும்பி வந்து இறங்கியதும் டிரைவர் அண்ணாச்சி 6,000 கேட்கிறார். பேட்டா தனியாம். காத்திருந்ததற்குத் தனியாம். சீட்டில் சேறு பட்டதற்குத் தனியாம். பெற்றவர்கள் தெருவில் நிற்கிறார்கள், பிள்ளைகள் எங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். அந்த இடத்தில் நின்று சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. 5,700-க்கு முடிந்தது. கூடுதலாகப் போனது 1,200. திருநெல்வேலி சந்திப்பில் ஒரு படம் பிரிண்ட் போட 15 ரூபாய். கணக்குப் பாருங்கள், 80 படம். பிள்ளைகள் எடுத்த படத்தில் எண்பதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டி பிடிக்கிறவர்கள் பேட்டா, காத்திருப்பு எல்லாம் சேர்த்துத் தொகையைப் பேசி, வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி. ரயிலில் வந்தது, சந்திப்பில் இட்லி சாப்பிட்டது எல்லாம் வேண்டாம். ஊருக்கு வருகிறேன்.

தெருவுக்குள் நுழைந்தால் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சொளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்குகிற வேலை. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகள் பையை இறக்கி வைத்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டுகிறார்கள். தாமிரபரணி இவர்களுக்கு நடக்கிற தூரம். மேற்கே பார்த்தால் பொதிகை மலை. அங்கே 1988-லிருந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. ஆனால் பதினான்கு பேரில் அந்தக் காட்டுக்குள் கால் வைத்தவர்கள் இரண்டே பேர், அதுவும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனபோது. எங்கிருந்தெல்லாமோ கேமராவோடு வந்து பார்க்கிறோம். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு இது பொறுக்க முடியாத விஷயம், அதனால்தான் தோழி கூப்பிட்டதும் கிளம்பினேன்.

நண்பர்கள் வீட்டு அலமாரிகளில் தூங்கிக் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராக்கள் ஏழு சேர்த்தோம். இரண்டு பேருக்கு ஒன்று. ஒன்றில் பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருந்தோம். அதைக் கையில் வாங்கின பையன் முகம் வாடியதும் தோழி மா. கிருஷ்ணன் கதையைச் சொன்னாள். 1912-இல் இதே திருநெல்வேலியில் பிறந்தவர், காட்டு யானையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், அவர் கேமராவும் பல பாகங்களை அவரே ஒட்டுப்போட்டுச் சேர்த்ததுதான். அதற்கப்புறம் அந்த ரப்பர் பேண்டு கேமராவைக் கடைசி வரைக்கும் அவன் யாருக்கும் கொடுக்கவில்லை.

முதல் நாள் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனா ஆறும் சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில், அதைச் சுற்றி மருத மரங்களும் இலுப்பை மரங்களும். மூன்று ஹெக்டேர்கூட வராத இடம்தான், ஆனால் ‘பாதுகாப்புக் காப்பகம்’ (Conservation Reserve) என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005-இல் அறிவிக்கப்பட்டது. தோழியின் சட்டம் கறாரானது: முதல் பத்து நிமிஷம் கேமரா பைக்குள், ஃபிளாஷ் கூடாது, கூட்டுக்குக் கீழே போய் நிற்கக் கூடாது, பறக்க வைப்பதற்காகக் கை தட்டினால் கேமரா பறிமுதல்.

அன்று காலை வரைக்கும் அவர்களுக்கு எல்லாமே கொக்குதான். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அலகு கண்ணில் பட்டது. தோழி பெயரை மட்டும் சொன்னாள், படத்தைக் காட்டவில்லை. "அரிவாள்மூக்கன் எது, கண்டுபிடிங்க." ஒரே கத்தல், எல்லா விரலும் ஒரே படத்தின் மேல். கரண்டிவாயனும் அப்படியே. நத்தைகுத்தி நாரைக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதை ஒரு பையன் பார்த்துவிட்டு, "அக்கா, பாக்குவெட்டி மாதிரி இருக்கு, இதுலதான் நத்தைய எடுக்குமா?" என்றான். பெயர் வைத்த பெரியவர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் கூந்தன்குளம். பாளையங்கோட்டை, மூலைக்கரைப்பட்டி வழி. மணிமுத்தாறு அணைத் தண்ணீரால் நிறைகிற குளம். 1994-இல் சரணாலயம் ஆனது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. நாங்கள் போன பிப்ரவரியில் ஊருக்குள் புளிய மரம், வாகை மரம் எங்கும் சங்குவளை நாரைக் கூடுகள், வீட்டுக் கூரைக்கு நேர் மேலே. தண்ணீரில் கூழைக்கடா, தூரத்தில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு இமயமலையைத் தாண்டி வந்த வாத்துக் கூட்டம்.

குளக்கரையில் பெரிய பெரிய லென்ஸோடு ஒரு குழு. பிள்ளைகள் பக்கத்தில் போனதும், "ஏய், தள்ளிப் போங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்று விரட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. யார் குளத்தில் நின்றுகொண்டு யாரைத் தள்ளிப் போகச் சொல்வது? பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் ஊருக்குள் திரும்பிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, நல்ல படமெல்லாம் ஊருக்குள்தான் கிடைத்தது.

பதினோரு மணி வெயிலில் ரப்பர் பேண்டு பையன் ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி நாற்பது நிமிஷம் ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் விரித்து நின்றுகொண்டிருந்தது. நிழலுக்குள் இரண்டு குஞ்சு. சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. "அக்கா, குடை புடிக்கிது." அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் பேட்டரி போய்விட்டது. பெட்டிக்கடையில் பேட்டரிக்கு மட்டும் 160 ரூபாய் அழுதோம், ஆனால் அந்தப் படம் கிடைத்தது.

இன்னொரு வீட்டுக் கொல்லையில் ஒரு ஆச்சி. புளிய மரம் நிறையக் கூடு, அடியில் துணிக்கொடி, எச்சம் விழாமல் கொடிக்கு மேலே பழைய சேலையைப் பந்தல் மாதிரி கட்டியிருக்கிறார். மரத்தை வெட்ட வேண்டும் என்ற பேச்சே அங்கே இல்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எங்கள் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "ஆச்சி, ஒங்கள எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

ஆச்சி சிரித்துவிட்டுச் சொன்னது: "எத்தனையோ பேரு வந்து புடிச்சிட்டுப் போறாவ தாயி. ஒரு படம் இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்ல."

1990-களில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் கிராமத்துப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்து, அதை வைத்து அதிகாரிகளிடம் பேசினார்கள். ஃபோட்டோவாய்ஸ் என்று அந்த முறைக்குப் பெயர். கூந்தன்குளத்துக்குப் போகும்போது வேனில் தோழி இதைச் சொன்னபோது நான் பாதிதான் கவனித்தேன். ஆச்சி சொன்ன பிறகுதான் உறைத்தது. எடுத்த படம் எடுத்த பிள்ளை கைக்கும், எடுக்கப்பட்ட வீட்டுக்கும் காகிதமாகப் போய்ச் சேர வேண்டும். ஃபோனில் அனுப்பினால் பத்து நாளில் காணாமல் போகும். வேன்காரர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா இரண்டு பெரிய தூக்குச்சட்டி நிறைய உளுந்தஞ்சோறு கொடுத்துவிட்டிருந்தார். தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். குளக்கரையில் வாகை நிழலில் உட்கார்ந்து தின்றோம். மதியத்திலும் சூடு ஆறவில்லை, எள்ளு வாசம் கையை விட்டுப் போகவில்லை. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். முந்தின நாள் பீடிக் கணக்கில் பாதியை விட்டுவிட்டுத்தான் அவர் உளுந்து புடைத்தார் என்று அப்புறம் தெரிந்தது. காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை.

பிரிண்டுக்கு என்று ஒதுக்கியது 3,000. வேன் தின்றது போக 1,800, அதாவது 120 படம். ஆளுக்கு எட்டு என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம், 112 ஆயிற்று. மிச்சம் எட்டுப் படம் கூந்தன்குளத்து வீடுகளுக்கு. மறுநாள் சந்திப்பில் ஸ்டூடியோ திறக்கும் முன்னாடியே போய் நின்று, பிரிண்டை வாங்கி, பஸ் பிடித்துத் திரும்ப ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினேன்.

ஆச்சி படத்தில் பாதிக்கு மேல் அந்தச் சேலைப் பந்தல்தான். ஓரமாக ஆச்சி, கையை நெற்றியில் வைத்து மேலே பார்க்கிறார். மேலே கிளையில் நாரைகள் கொஞ்சம் கலங்கலாகத் தெரிகின்றன. அந்தப் பிள்ளை பிரிண்டைத் திருப்பி, அம்மாவின் சொளகு மேலேயே வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதினாள். அதற்குக் கீழே 'எடுத்தது' என்று எழுதித் தன் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் எழுதினாள். மை காயும் வரை ஊதிக்கொண்டே, கூந்தன்குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தோழியிடம் கேட்டாள்.