மெட்ஸ் சந்தையில் மிராபெல் காலம்

பிரான்சின் வடகிழக்கில் லொரேன் என்று ஒரு வட்டாரம். அதன் பெரிய ஊர்களில் ஒன்று மெட்ஸ். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அந்த ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் செயின்ட் எத்தியன் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்க்கப் போகிறார்கள். நான் ஆகஸ்ட் மாதக் கடைசியில் பழம் வாங்கப் போனேன்.

பேராலயத்துக்கு அருகிலேயே சந்தை. ஆயருக்கு அரண்மனையாகக் கட்ட ஆரம்பித்த கட்டடம் அது. இடையில் பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டது, ஆயர் குடிவரவில்லை. பிறகு அதையே சந்தையாக்கிவிட்டார்கள். கனத்த கல் தூண்களுக்கு நடுவே பாலாடைக்கட்டியும் இறைச்சியும் காய்கறியும் விற்கிறார்கள். ஓர் அரண்மனைக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடைத்திருக்க முடியாது.

அந்த மாதத்தில் கடைக்குக் கடை மஞ்சளாகக் குவிந்து கிடப்பது மிராபெல். பிளம் இனத்துக் குட்டிப் பழம். நெல்லிக்காயைவிடச் சிறியதாகக்கூட இருக்கும். பொன் நிறத் தோலில் வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்புப் புள்ளிகள். அதன் மேல் மெல்லிய வெண்படலம். விரல் பட்டால் அந்த இடத்தில் கலைந்து தோல் பளபளக்கும். அந்தப் படலத்துக்குப் ‘ப்ரூயின்’ என்று பெயர். அது கலையாமல் இருந்தால் பழம் அதிகம் கைபடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் விரலால் பிளந்தால் கொட்டை ஒட்டாமல் கழன்று வந்துவிடும். சதை தேன்போல் தித்திக்கும். தோலுக்கடியில் மட்டும் லேசான புளிப்பு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலோக்செரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. லொரேனின் மலைச்சரிவுகளில் கொடி பட்டுப்போன இடங்களில் பலர் மிராபெல் மரங்களை நட்டார்கள். இன்று உலகில் விளையும் மிராபெல்லில் பெரும்பகுதி இந்த ஒரு வட்டாரத்திலிருந்தே வருகிறது. ‘லொரேன் மிராபெல்’ என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் பழம் குறைந்தது 22 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். பருவமோ ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை, அவ்வளவுதான்.

நான் நின்ற கடையில் வயதான ஓர் அம்மையார் விற்றுக்கொண்டிருந்தார். இங்கே முதலில் “போன்ஜூர் மதாம்” என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்பது மரியாதைக் குறைவு. அதைப் போலவே, பழத்தைக் கையால் தொட்டு அழுத்திப் பார்ப்பதும் பெரும்பாலான கடைகளில் ஆகாது. கடைக்காரர்தான் பொறுக்கித் தருவார். மிராபெல் வேண்டும் என்றேன். உடனே அவர் எடை போடவில்லை. “சாப்பிடவா, டார்ட் செய்யவா, ஜாம் காய்ச்சவா?” என்று கேட்டார். (டார்ட் என்பது மாவுத் தட்டின் மேல் பழத்தை அடுக்கிச் சுடுவது.) சாப்பிட என்றதும் அடுத்த கேள்வி: “இன்றைக்கா, நாளைக்கா?” இன்றைக்கு என்றேன். குவியலின் ஓரத்திலிருந்து நன்றாகச் சிவப்பேறியவையாகப் பார்த்து அள்ளினார்.

பிரெஞ்சுப் பழப் பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒரு கடை முன்னால் நின்று கற்றுக்கொள்வதே மேல் என்று அங்கேதான் எனக்கு உறுதிப்பட்டது. பிளம் என்பதற்கான பொதுச் சொல் ‘ப்ரூன்’. ஆனால் ப்ரூன் வேண்டும் என்று மட்டும் கேட்டால், நம் ஊர்க் கடையில் ரஸ்தாளியா பூவனா என்று சொல்லாமல் வாழைப்பழம் கேட்பது போலத்தான். பெயரைச் சரியாகச் சொன்னால், பழம் எதற்கு என்பதும் பாதி சொன்னதாகிவிடும்.

மிராபெல்லுக்குப் பக்கத்திலேயே ‘க்வெட்ச்’ இருந்தது. நீண்ட வடிவம், கருநீலத் தோல், உள்ளே பச்சை கலந்த மஞ்சள். பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. மெட்ஸ் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த ஊர். அதன் பிரம்மாண்டமான ரயில் நிலையமே ஜெர்மானியர் கட்டி 1908இல் திறந்தது. க்வெட்ச் பழத்தில் சாறு குறைவு, சதை இறுக்கம். அடுப்பில் வெந்தாலும் மாவை நனைத்துக் குழைத்துவிடாது. அதனால்தான் டார்ட் செய்கிறவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். பச்சையாகச் சாப்பிட எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெந்த பிறகு அதன் புளிப்புக்கு ஈடு இல்லை.

மூன்றாவது ‘ரேன் க்ளோத்’, அதாவது க்ளோத் ராணி. பழத்துக்கு வைத்திருப்பது பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் மனைவி பெயரை. 1524இல் இளம் வயதிலேயே இறந்துபோனவர் அவர். இந்தப் பழம் பழுத்த பிறகும் பச்சையாகத்தான் இருக்கும். காய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பச்சையில் லேசாகப் பொன் ஓடியிருந்தால் வாங்கிவிடலாம். பிளம் வகைகளில் எதைச் சாப்பிடுவாய் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மிராபெல் ஊரில் நின்று இதைச் சொல்வது அங்குள்ளவர்களுக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போகிறவர்கள் இரண்டு பெயர்களில் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ப்ரூன் என்றால் உலர்ந்த பிளம். பிரெஞ்சில் அது உலர்த்தாத புதுப் பழம். உலர்ந்ததற்கு ‘ப்ரூனோ’ என்று பெயர். பிரான்சின் தென்மேற்கில் உள்ள அஜான் (Agen) ஊர் ப்ரூனோவுக்குப் பெயர் போனது. அதே கதைதான் ‘ரேஸேன்’ என்பதிலும். பிரெஞ்சில் அது புதுத் திராட்சை. உலர் திராட்சை வேண்டுமென்றால் ‘ரேஸேன் செக்’ என்று கேட்க வேண்டும்.

மற்ற பெயர்கள் கடைப் பலகையைப் பார்த்தாலே பழகிவிடும். பலகையில் விளைந்த நாடு, தரம், பல பழங்களுக்கு ரகத்தின் பெயர் எல்லாம் எழுதியிருக்கும். ‘பொம்’ ஆப்பிள், ‘புவார்’ பேரிக்காய், ‘பெஷ்’ பீச், ‘ஃப்ராம்புவாஸ்’ ராஸ்பெர்ரி. வெப்பநாட்டுப் பழங்கள் ஓர் ஓரமாக அடுக்கியிருந்தன. அவற்றில் ‘மாங்க்’ என்று எழுதியிருந்தது மாம்பழம். நம் மாங்காய்தான் போர்த்துக்கீசியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள். விலையைப் பார்த்துவிட்டு நான் மறுபடியும் மஞ்சள் குவியலுக்கே திரும்பிவிட்டேன்.

எடைக்கு ஒரு சொல் தெரிந்திருந்தால் நல்லது. சந்தையில் இன்றும் ‘உய்ன் லிவ்ர்’ என்றால் அரைக் கிலோ. இருவர் நடந்துகொண்டே சாப்பிட அது போதும். ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்து அதிகம் வாங்க வேண்டாம். மிராபெல் சீக்கிரம் குழைந்துவிடும். கொண்டுவர ஜாம் புட்டியே சரி. செப்டம்பர் கடைசியில்தான் போக முடிகிறது என்றால் மிராபெல் தீர்ந்திருக்கும். க்வெட்ச் கிடைக்க வாய்ப்புண்டு. ரொட்டிக் கடையில் அதன் டார்ட்டை ஒரு துண்டு கேளுங்கள்.