கொட்டிலில் இரண்டு ஆயுள்கள்

இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானில் நாங்கள் நெல்மூடை அடுக்கும் கொட்டிலில், மூடைகளுக்கு அடியில் சுண்டெலிகளும் கூரை வளையின் இடுக்கில் சின்ன வௌவால்களும் குடியிருக்கின்றன. சுண்டெலியைக் கூண்டில் வைத்துப் பேணினாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் தங்காது. அதனிலும் எடை குறைந்த, 7 கிராம் அளவேயான சைபீரிய வௌவால் ஒன்றோ, அடையாள வளையமிட்டு விடப்பட்டு 41 ஆண்டுகளுக்குப் பின்னர் உயிருடன் மீண்டும் பிடிபட்டிருக்கிறது.

உடம்பு பெரிதானால் ஆயுளும் நீளும் என்பது, முத்தையன்கட்டுப் பக்கத்து யானைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இயல்பாகத் தோன்றிய கணக்கு. பொதுவில் அது பிழையுமில்லை. சிறிய உடல் வேகமாக எரிந்து விரைவில் அணைகிறது என்று 1908இல் ஜேர்மன் உடலியலாளர் மாக்ஸ் ரூப்னர் அதற்கு விளக்கமும் சொன்னார். ஆனால் சிறகடித்துப் பறக்கும் வௌவால் எலியைவிடக் குறைவாகவா எரிக்கிறது? சைபீரிய வௌவாலின் நீண்ட குளிர்கால உறக்கத்தைக் காரணம் காட்டலாம்தான். அப்படி உறங்காத நம்மூர்ப் பழந்தின்னி வௌவாலும் கூண்டில் 30 ஆண்டுகளைக் கடந்திருக்கிறதே.

1952இல் பிரித்தானிய உயிரியலாளர் பீற்றர் மெடவார் முன்வைத்த கருத்தே எனக்கு ஒப்புகிறது. ஆந்தை, சாரை, பூனை என்று எப்படியும் ஓராண்டுக்குள் எதன் வாயிலோ விழப்போகும் எலிக்கு, பத்தாம் ஆண்டில் பழுதாகாத உடலை இயற்கை தெரிந்தெடுக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அதன் வலு முழுவதும் இருபது நாளில் ஈனும் குட்டிகளுக்கே போகிறது. பறந்து தப்பும் வௌவால் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டியோடு நிறுத்தி, மிச்ச வலுவை உடலைப் பழுதுபார்க்கச் செலவிடுகிறது.

இதற்கு அழகான சான்று அமெரிக்காவின் ஜோர்ஜியாக் கரைக்கு அப்பாலுள்ள சபேலோத் தீவு. வேட்டை விலங்குகள் அரிதான அத்தீவில் சில ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்துவிட்ட ஒப்போசம் என்னும் பைவிலங்குகள், பெருநிலத்து இனத்தாரைவிடக் குறைவான குட்டிகளை ஈன்று, மெதுவாக முதுமையடைவதை அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஒஸ்ராட் 1993இல் காட்டினார். வாலின் தசைநார்கூட அவற்றில் பிந்தித்தான் விறைக்கிறது.

யானையின் கதையும் இதற்குள் அடங்குகிறது. வளர்ந்த யானையை அடிக்கக்கூடிய விலங்கு வன்னிக் காட்டில் இல்லை. நெடுநாள் வாழும் உடலுக்கு ஏற்றபடி, புற்றுநோயைத் தடுக்கும் மரபணு ஒன்றின் 20 பிரதிகள் யானையிடம் உள்ளன, நமக்கு ஒன்றுதான். ஆமைக்கோ எதிரிகளிடமிருந்து காவல் அதன் ஓடு. ஆனால் மாங்குளம் வீதியில் விரையும் லொறியின் சில்லு அந்தப் பழைய கணக்கில் இல்லாதது.

கொட்டிலில் எலிப்பொறியை இப்போதும் வைக்கிறேன். வௌவால்களை விரட்டச் சொல்லி அம்மா சொன்னதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அவற்றில் ஒன்று என் மகனைவிட மூத்ததாக இருக்கலாம்.