காரகாஸின் சிவப்புச் சட்டைகள்

3 பிப்ரவரி 2019

நேற்று வெனிசுலாவின் தலைநகர் காரகாஸில் ஒரே நாளில் இரண்டு பெரிய கூட்டங்கள். ஒரு பக்கம், தன்னை இடைக்கால அதிபர் என்று அறிவித்துக்கொண்ட எதிர்க்கட்சித் தலைவர் குவாய்தோவின் ஆட்கள். இன்னொரு பக்கம், பொலிவார் அவென்யூவில் அதிபர் மதுரோவின் சிவப்புச் சட்டை ஆதரவாளர்கள், அவருக்கு முந்தைய அதிபர் சாவேஸ் பதவியேற்ற 20ஆம் ஆண்டைக் கொண்டாட வந்தவர்கள். படங்களைப் பார்த்த நண்பர், "எல்லாம் கூட்டி வந்த கூட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாதக் குறைந்தபட்சச் சம்பளம் பத்து டாலருக்கும் கீழே போய்விட்ட ஊரில், மக்கள் ஏன் அரசுக்காகத் தெருவுக்கு வருகிறார்கள் என்பதற்கு இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

4 பிப்ரவரி

நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016 முதல் 'கிளாப்' என்ற உணவுப் பெட்டி மலிவு விலையில் வருகிறது. அரிசி, மாவு, பாஸ்தா, எண்ணெய். கடையில் இவ்வளவையும் வாங்க மாதச் சம்பளம் பத்தாது. பெட்டியை வீடுவீடாகக் கொடுப்பவை ஆளுங்கட்சி ஆட்கள் நிறைந்த வட்டாரக் குழுக்கள். 2017இல் 'தாயக அட்டை' வந்தது. நம் ரேஷன் கார்டு மாதிரிதான், ஆனால் இதில் கியூஆர் குறியீடு உண்டு. 2018 மே தேர்தலில் வாக்குச்சாவடிகளுக்குப் பக்கத்திலேயே கட்சிப் பந்தல் போட்டு அந்த அட்டையை ஸ்கேன் செய்தார்கள். ஊர்வலத்துக்கு வராவிட்டால் பெட்டி நின்றுவிடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை.

அரசு ஊழியர்களின் பயம் இன்னும் பழையது. சாவேஸுக்கு எதிரான 2002-03 எண்ணெய் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அரசு எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 18,000 பேர் வேலையிழந்தார்கள். அப்புறம், சாவேஸைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு கோரிக் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் 2004இல் வெளியானது. அதில் பெயர் இருந்ததால் வேலை போனவர்கள் உண்டு.

7 பிப்ரவரி

ஆனால் 2002 ஏப்ரலை எப்படி விளக்குவது? ராணுவத் தளபதிகள் சாவேஸைக் கவிழ்த்த இரண்டே நாளில் மலைச்சரிவுக் குடிசைகளிலிருந்து ஏழைகள் இறங்கிவந்து, அவரைத் திரும்பக் கேட்டு, மிராஃப்ளோரெஸ் அதிபர் மாளிகையைச் சூழ்ந்தார்கள். அப்போது பெட்டியும் இல்லை, அட்டையும் இல்லை. 1989இல் பஸ் கட்டணம் ஏறியதை எதிர்த்தவர்களை நூற்றுக்கணக்கில் ராணுவம் சுட்டுக்கொன்ற ஊர் அது. தங்களைக் கண்டுகொண்ட முதல் ஆள் என்று சாவேஸை அந்த ஏழைகள் நினைத்தார்கள். 2003க்குப் பிறகு எண்ணெய் விலை ஏற, குடிசைப் பகுதிகளுக்குக் கியூபா மருத்துவர்கள் வந்தார்கள், மலிவுவிலைக் கடைகள் வந்தன, வறுமை பாதியாகக் குறைந்தது. அந்த நன்றி பொய்யில்லை. 2014இல் எண்ணெய் விலை சரிந்தபின் நன்றியோடு பயமும் சேர்ந்துகொண்டது. நேர்மையாகச் சொன்னால், பொலிவார் அவென்யூவில் நின்ற ஒரே அம்மாவிடம் இரண்டும் இருந்திருக்கலாம். அவரைக் கூலிக்கு வந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8 பிப்ரவரி

ஜனவரி 28 அன்று அமெரிக்கா வெனிசுலாவின் அந்த அரசு எண்ணெய் நிறுவனத்தின் மீது தடை போட்டிருக்கிறது. டாலர் வரத்து குறைந்தால் உணவு இறக்குமதியும் குறையும். அப்போது அந்தப் பெட்டியைவிட்டால் வேறு வழியில்லாத வீடுகள்தான் கூடும் என்று அஞ்சுகிறேன்.